மாத்திரை போட்டேன், கால் வலி வந்தது

57 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஏழு மாதங்களுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்து, ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் புகைபிடித்தவர், அன்றோடு அதை விட்டுவிட்டார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த மாத்திரைகளில் கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டினும் ஒன்று. தினமும் வேகமாக நடக்கவும் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் வலது கெண்டைக்காலில் வலி. "நடக்கும்போது இறுக்கிப் பிடிக்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது" என்று எழுதுகிறார். கைப்பேசியில் தேடியதில், ஸ்டாட்டின் தசை வலி தரும் என்று பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. உடனே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். கால் தேறட்டும் என்று நடையையும் நிறுத்தினார். பத்து நாளில் வலி போய்விட்டது.

பிறகு மகள் வற்புறுத்தியதால் "எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வோம்" என்று மாத்திரையையும் நடையையும் மறுபடி தொடங்கியிருக்கிறார். இரண்டாம் நாளே வலி திரும்பியது. அத்துடன் இரண்டையும் விட்டுவிட்டார். "இதைவிட வேறு என்ன நிரூபணம் வேண்டும்? மூன்று மாதமாக அந்த மாத்திரை இல்லை, இதயத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மைத்துனருக்கு இதே மாத்திரை தொடங்கிய பிறகுதான் சர்க்கரை வந்தது. மகளோ, 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, எல்லாம் உங்கள் மனசு' என்கிறாள். மருந்து எழுதிய மருத்துவர் பக்கவிளைவு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மேல் புகார் கொடுக்கலாமா? இந்த மாத்திரையை அடியோடு விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

இதய மருத்துவரின் பதில்:

ஐயா, வேறு எதையும் பேசும் முன் ஒரு விஷயம். ஸ்டாட்டினை மட்டும் நிறுத்தியதாகத்தான் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ஆஸ்பிரினையும், ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருப்பதற்காகக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையையும் நீங்கள் தொடர்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். அவற்றையும் விட்டிருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம், இப்போதே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஸ்டென்ட் வைத்த முதல் ஆண்டில் அந்த இரண்டையும் தாமாக நிறுத்துவதுதான் எனக்கு மிகப் பெரிய கவலை.

சரி, இப்போது வலிக்கு வருவோம். வலி நிஜம். மகள் "மனசு" என்று சொன்னது உங்களைப் புண்படுத்தியிருப்பது எழுத்திலேயே தெரிகிறது. வலி நிஜமா என்பது ஒரு கேள்வி, அதற்கு எது காரணம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் உங்களோடு யாரும் வாதாட முடியாது. இரண்டாவதில் நானே கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது.

மகள் சொன்ன பழமொழியும் பாதி வழக்கைத்தான் சொல்கிறது. பழுத்துத் தொங்கும் பழம் காக்கை உட்கார்ந்தாலும் விழும், உட்காராவிட்டாலும் விழும் என்பது சரிதான். ஆனால் எப்போதாவது காக்கை உட்கார்ந்ததால்தான் விழுந்திருக்கும். ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தது என்பது சந்தேகப்படப் போதுமான காரணம். மருந்துகளின் நிஜமான கேடுகள் பலவும் அப்படி ஒரு சந்தேகத்தில் தொடங்கித்தான் வெளியே வந்தன. ஸ்டாட்டின் குடும்பத்திலேயே செரிவாஸ்டாட்டின் என்று ஒரு மருந்து இருந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குத் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதானது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2001 ஆகஸ்டில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. "மாத்திரைக்குப் பின் வந்தது" என்று மருத்துவர்கள் அனுப்பிய அறிக்கைகள்தான் அதற்கும் தொடக்கம். ஆனால் அந்த அறிக்கைகளோடு யாரும் நின்றுவிடவில்லை. மற்ற ஸ்டாட்டின்களைச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த ஒன்றில் மட்டும் கேடு பல மடங்கு அதிகமாக இருந்ததால்தான் சந்தேகம் உறுதியானது. உங்கள் கடிதத்தில் சந்தேகம் இருக்கிறது, ஒப்பீடு இல்லை.

ஒரே வாரத்தில் எத்தனை மாற்றங்கள்?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஸ்டாட்டின் தொடங்கியது. கூடவே நான்கைந்து புது மாத்திரைகள் தொடங்கியிருக்கும். பல ஆண்டுப் புகைப்பழக்கம் நின்றது. இத்தனை காலம் அதிகம் நடக்காத கால், தினமும் வேகமாக நடக்க ஆரம்பித்தது. வலி வந்தபோது இத்தனை பேரில் ஒருவர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். கைப்பேசி அவர் பெயரைச் சொன்னது, அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் நிரூபணம் என்று சொல்வதைப் பார்ப்போம். மருந்தை நிறுத்தியதும் தொல்லை போகிறதா, திரும்பக் கொடுத்ததும் வருகிறதா என்று பார்ப்பது நாங்களும் செய்வதுதான். வெறும் கால வரிசையைவிட அது வலுவான சாட்சி. ஆனால் நீங்கள் மாத்திரையை நிறுத்திய இரண்டு முறையும் நடையையும் நிறுத்தினீர்கள். திரும்பத் தொடங்கியபோது இரண்டையும் சேர்த்தே தொடங்கினீர்கள். மாத்திரை இருந்த நாளெல்லாம் நடையும் இருந்தது, மாத்திரை இல்லாத நாளெல்லாம் நடையும் இல்லை. இரண்டில் எது வலியைக் கொண்டுவந்தது என்று உங்கள் கணக்கை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

சொல்லப்போனால், வலியின் வகை எனக்கு வேறொரு சந்தேகத்தைத் தருகிறது. ஸ்டாட்டினால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். தொடை, இடுப்பு போன்ற பெரிய தசைகளில் கனமாக, மந்தமாக, நடந்தாலும் உட்கார்ந்தாலும் இருக்கும். இரண்டு நிமிடம் நின்றதும் விட்டுப்போவது அதன் குணமில்லை. ஒரே கெண்டைக்காலில், நடந்தால் இறுக்கி, நின்றால் விடுகிற வலியைக் கேட்டால் எந்த இதய மருத்துவரும் முதலில் காலுக்குப் போகும் ரத்தக்குழாயைத்தான் நினைப்பார். நடக்கும்போது தசைக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும். குழாய் சுருங்கியிருந்தால் அது போதாமல் தசை பிடித்துக்கொள்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது. இதயக் குழாயில் அடைப்பு வந்தவர், பல ஆண்டு புகைத்தவர் என்றால் கால் குழாயிலும் அது இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முன்பு நீங்கள் அவ்வளவு தூரம் வேகமாக நடக்காததால் தெரியாமல் இருந்திருக்கலாம்.

காலைப் பார்க்காமல் அதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மாத்திரை மேல் பழியைப் போட்டு நிம்மதியாகிவிட்டதால், இந்தக் கேள்வியை இதுவரை யாருமே கேட்கவில்லை. அதுதான் என் கவலை.

நிறுத்தியதும் போனது எப்படி?

நடை ஒரு காரணம். வேறு இரண்டும் உண்டு. நாம் மாத்திரையை நிறுத்துவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான், குறைவாக இருக்கும் நாளில் யாரும் நிறுத்துவதில்லை. ஏறி இறங்கும் எந்த வலியும் உச்சத்துக்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்திருக்கும்.

இன்னொன்று, எதிர்பார்ப்பு. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 'சாம்சன்' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தி 2020-இல் வெளியிட்டார்கள். ஸ்டாட்டின் தொடங்கிய இரண்டே வாரத்துக்குள் தொல்லை வந்து நிறுத்தியவர்கள் 60 பேர் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 மாதங்களுக்கான புட்டிகள் கொடுக்கப்பட்டன. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு காலி. எந்த மாதம் எது என்ற வரிசை கலைத்துப் போடப்பட்டது. எது ஸ்டாட்டின், எது போலி என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. தொல்லை எவ்வளவு என்று தினமும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாத்திரை சாப்பிட்டால் தொல்லை இரட்டிப்பானது உண்மை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, கற்பனை செய்யவுமில்லை. ஆனால் அந்தத் தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, உள்ளே ஒன்றுமே இல்லாத மாத்திரைக்கும் வந்தது. நிறுத்தியபோது கிடைத்த நிம்மதியும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆகவே "நிறுத்தினேன், போனது" என்பது மட்டும் ஸ்டாட்டினுக்கு எதிரான சாட்சியாகாது. உங்கள் மகளுக்கும் இதைக் காட்டுங்கள். எதிர்பார்ப்பால் வரும் வலியும் உடம்பில் வரும் வலிதான். "எல்லாம் மனசு" என்று தள்ளிவிடுவது மருத்துவமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

பெரிய அளவில் பார்த்தாலும் கணக்கு இதையே சொல்கிறது. ஸ்டாட்டினையும் போலி மாத்திரையையும் ஒப்பிட்ட 19 ஆய்வுகளில் பங்கேற்ற 1,23,940 பேரின் விவரங்கள் 2022-இல் ஒன்றாக அலசப்பட்டன. ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 27.1 சதவீதம் பேர் தசை வலியோ பலவீனமோ இருப்பதாகச் சொன்னார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 சதவீதம். முதல் எண்ணை மட்டும் பார்த்தால் கால்வாசிப் பேரை மாத்திரை முடக்கிவிட்டதாகத் தோன்றும், பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்ததும் அந்தப் பயம் கரைந்துவிடும். இந்த வயதில் தசை வலி எல்லோருக்கும் வருகிறது. ஆனாலும் முதல் ஆண்டில் ஆயிரம் பேருக்குப் பதினோரு பேர் கூடுதலாகச் சொன்னதும் அதே அலசலில் இருக்கிறது. அந்தப் பதினோரு பேருக்கு மாத்திரைதான் காரணம். நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

மைத்துனர் விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஸ்டாட்டின் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைச் சற்றே கூட்டுவது நிஜம். 2010-இல் வெளியான ஓர் அலசலின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் கூடுதலாக ஒருவருக்கு வருகிறது. உங்கள் மைத்துனர்தான் அந்த ஒருவரா, அல்லது மாத்திரை இல்லாமலே வந்திருக்குமா என்று அவருடைய ஒரு கதையை வைத்துச் சொல்ல வழியில்லை.

'மூன்று மாதமாக ஒன்றும் ஆகவில்லையே?'

இதுவும் அதே கணக்குப் பிழைதான், தலைகீழாக வருகிறது. நிறுத்தினேன், எதுவும் நடக்கவில்லை, ஆகவே மாத்திரை தேவையே இல்லை என்கிறீர்கள். ஏற்கெனவே இதய நோய் இருந்த, கொலஸ்ட்ரால் கூடியிருந்த 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 1994-இல் வெளியானது. ஐந்தரை ஆண்டுகளை நெருங்கிய காலத்தில், போலி மாத்திரை சாப்பிட்ட 2,223 பேரில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்ட 2,221 பேரில் 182 பேர். எழுபத்து நான்கு உயிர்களின் வித்தியாசம். அதே சமயம், மருந்தே இல்லாத பக்கத்திலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லியிருக்க முடியும். ஐந்து ஆண்டு ஆய்விலேயே நிலை அப்படி என்றால், உங்கள் மூன்று மாதம் எதையும் காட்டாது. குழாய்ச் சுவரில் கொழுப்பு சேர்வது வலி தந்து அறிவிக்கும் காரியம் இல்லை.

இனி என்ன செய்யலாம்?

இப்போது உங்களிடம் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மாத்திரை இல்லாமல் மூன்று மாதம் ஆகிவிட்டது, அது உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது. நடக்கத் தடையில்லை என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முன்பு நடந்த அதே வேகத்தில் சமதளத்தில் நடந்து பாருங்கள். வலி வந்தால் எவ்வளவு தூரத்தில் வந்தது, எந்த இடத்தில், நின்ற பின் எவ்வளவு நேரத்தில் விட்டது என்று எழுதுங்கள். மாத்திரையே இல்லாமல் அதே தூரத்தில் அதே வலி வந்தால் ஸ்டாட்டின் இந்த வழக்கிலிருந்து விடுதலை. நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் நடையை விட்டுவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அதன் முடிவு எதுவானாலும் காலைப் பரிசோதிக்க வேண்டும். கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுப்பதோடு ஒப்பிடும் எளிய சோதனை இருக்கிறது. ஊசி கிடையாது, வலி கிடையாது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் கால் குழாய் சுருங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அப்படி இருந்தால், ஐயா, அதற்கு முதல் கட்ட சிகிச்சையே ஸ்டாட்டினும் நடையும்தான். வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சி மாதக்கணக்கில் தொடர்ந்தால் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும்.

கூடவே சி.பி.கே என்ற தசை நொதி, தைராய்டு, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல், கொலஸ்ட்ரால் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு குறைவாக இருந்தாலே தசை வலி வரும், ஸ்டாட்டினும் சேர்ந்தால் கூடும். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லிகளும், சில பூஞ்சை மருந்துகளும் சில வகை ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பிறகு ஸ்டாட்டினைத் திரும்பத் தொடங்கும்போது அதை மட்டும் தொடங்குங்கள். அந்த மாதம் நடையின் தூரமோ வேகமோ மாறக் கூடாது, புது மாத்திரை எதுவும் சேரக் கூடாது. உண்மையிலேயே ஸ்டாட்டின்தான் தொல்லை என்று தெரிந்தாலும் கதவு மூடிவிடாது. அளவைக் குறைக்கலாம், வேறொரு ஸ்டாட்டினுக்கு மாறலாம். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் எசெட்டிமைப், பெம்பெடோயிக் அமிலம், தோலடி ஊசி என்று வேறு மருந்துகள் உண்டு. பெம்பெடோயிக் அமிலத்தை, ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாத அல்லது வேண்டாம் என்ற சுமார் 14,000 பேரிடம் சோதித்து, மாரடைப்பு முதலான பெரிய கேடுகளை அது குறைப்பதை 2023-இல் காட்டினார்கள். அடியோடு விடுவது என்பது பட்டியலில் கடைசிக்கும் கடைசி.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாட்டின் சாப்பிடும் காலத்தில் இரண்டு தொடையும் துவண்டு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஒப்பீட்டுக்கெல்லாம் நேரமில்லை. கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, சும்மா இருக்கும்போதே வலித்தாலும் அப்படித்தான்.

புகார் பற்றி

மருந்தின் பக்கவிளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும், உங்கள் மருத்துவ ஆவணங்களின் நகலைப் பெறவும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தெரிந்துகொண்ட பின் மருந்து வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுடையதே. தசை வலி வரலாம், வந்தால் தானாக நிறுத்தாமல் என்னிடம் சொல்லுங்கள் என்று அந்த மருத்துவர் ஒரு நிமிடம் பேசியிருந்தால் இந்த மூன்று மாதமே வீணாகியிருக்காது. அந்தக் குறையை அவரிடம் நேரடியாகச் சொல்லலாம், மருத்துவமனை நிர்வாகத்துக்கும் எழுதலாம்.

கவனக்குறைவு என்று வழக்குப் போடுவது வேறு. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தவரை அங்கே அவர் கடமையில் தவறினார் என்பதோடு, அந்தத் தவறால்தான் உங்களுக்குக் கேடு வந்தது என்பதையும் காட்ட வேண்டும். மருந்துக்குப் பின் வலி வந்தது என்ற வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது. நடையையும் கால் குழாயையும் எதிர்த் தரப்பு முதல் நாளே எடுத்துப் பேசும். மருந்துப் பக்கவிளைவு என்ற சந்தேகத்தை மருந்துப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிப்பதானால் தாராளமாகச் செய்யலாம். பல நாடுகளில் நோயாளியே நேரடியாக எழுதலாம், நிரூபணம் கேட்க மாட்டார்கள். நடையையும் சேர்த்து நிறுத்தியதை மட்டும் அதில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் "ஸ்டாட்டினால் கால் வலி" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால், அவசரத்தில் இருக்கும் மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். "இவ்வளவு தூரம் நடந்தால் வலது கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது, பல ஆண்டு புகைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மாத்திரைச் சந்தேகத்தை அதற்கு அப்புறம் சொல்லலாம்.